தங்கவயலின் மதிய உணவு: சுரங்க ஷிஃப்டு முதல் பெங்களூரு ரயில் வரை

கோலார் தங்கவயல்: கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில் இருந்து ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் விடியற்காலையில் ரயிலேறி, சுமார் 100 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருவுக்கு வேலைக்குச் செல்கின்றனர். இவர்களது மதிய உணவு வீட்டிலிருந்து கொண்டு செல்லும் டிபன் பாக்ஸாகவோ, மாநகரின் மலிவு விலை உணவகத்திலோ அமைகிறது.

சுரங்கம் மூடப்பட்ட பின்...

1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கு தங்கச் சுரங்கப் பணியைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம் உள்ளிட்ட பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் குடியேறினர். 1894-இல் பங்கார்பேட்டை - மாரிக்குப்பம் ரயில் பாதை திறக்கப்பட்டது. ஷிஃப்டு நேரமே ஊரின் உணவு நேரத்தைத் தீர்மானித்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்ட பின், சுரங்கத்துக்காகப் போடப்பட்ட அதே பாதை வேலை தேடிச் செல்வோரின் பாதையாக மாறியது.

ஊரில் கிடைப்பவை

ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை ஆகியவை தங்கவயலின் முக்கிய கடைவீதிப் பகுதிகள். தமிழகத்திலிருந்து வந்த இட்லி, சாம்பார், பிரியாணியும், கோலார் மாவட்டத்தின் அடிப்படை உணவான கேழ்வரகுக் களியும் இப்பகுதியின் உணவில் ஒன்றுகலந்துள்ளன. களிக்குக் கீரைச் சாறோ, பனிக்காலத்தில் அவரைக் கொட்டைச் சாறோ துணை சேரும்.

அருகிலுள்ள பங்கார்பேட்டை பானிபூரிக்குப் பெயர் பெற்றது. பிற இடங்களில் புதினா கலந்து பச்சை நிறத்தில் இருக்கும் பானி, இங்கு வெறும் தண்ணீரைப் போலத் தெளிவாக இருக்கும். ஆனால் காரம் குறையாது. எனினும் இது மாலை நேரச் சிற்றுண்டியே. மதிய உணவுக்கு ஈடாகாது.

பெங்களூருவில்...

மாநகரில் விரைவாகவும் மலிவாகவும் உண்ண விரும்புவோர் நாடுவது தர்ஷினி எனப்படும் சுயசேவை உணவகங்களை. 1983-இல் ஜெயநகரில் திறக்கப்பட்ட 'கஃபே தர்ஷினி' இம்முறைக்கு முன்னோடி. பணம் செலுத்தி டோக்கன் பெற்று, உயரமான மேசையருகே நின்றபடியே உண்ணலாம். பரிமாறுபவரும் நாற்காலியும் இல்லாததால் விலை குறைகிறது. ஜப்பானின் ரயில் நிலையங்களில் உள்ள நின்றுண்ணும் நூடுல்ஸ் கடைகளும் இதே முறையில் இயங்குபவை.

இதைவிடவும் மலிவானது இந்திரா கேன்டீன். சென்னையில் 2013-இல் தொடங்கப்பட்ட அம்மா உணவகத்தைப் பின்பற்றி, கர்நாடக அரசு 2017 ஆகஸ்ட் 16-ஆம் தேதி இத்திட்டத்தைத் தொடங்கியது. அப்போது காலை உணவுக்கு ரூ.5, மதிய உணவுக்கு ரூ.10 என நிர்ணயிக்கப்பட்டது. அந்த விலையில் மாதம் 26 நாள் மதிய உணவுக்கு ரூ.260 மட்டுமே செலவாகும்.

யார் பொறுப்பு?

250-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் பணிபுரியும் ஆலைகளில் கேன்டீன் அமைக்கச் செய்ய 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வழிவகுத்தது. கட்டடப் பணி, கடை, காவல் பணி போன்றவற்றில் சிதறிக் கிடப்போருக்கு அத்தகைய வசதி எளிதில் எட்டுவதில்லை. அவர்களைப் பொறுத்தவரை மதிய உணவு, கூலியிலிருந்து கழியும் அன்றாடச் செலவு. ஆகவே, மலிவு உணவகம் பணியிடத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறதா, உணவு இடைவேளை முடிவதற்குள் உண்டு திரும்ப முடிகிறதா என்பவை, விலையைப் போலவே இவர்களுக்கு முக்கியமானவை.