புகைபோக்கிக்குள் ஏறிய பையன்கள்

தொழிலால் வரும் நோய்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பெடுத்துக்கொண்டு இருக்கேன். எங்கே தொடங்கினாலும் 1775-ல் வந்து நிற்க வேண்டியிருக்கு. அந்த வருஷம்தான் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி சுத்தம் செய்கிறவர்களுக்கு விதைப்பையில் வரும் புற்றுநோய்க்குப் புகைக்கரிதான் காரணம் என்று எழுதினார்.

இந்த வேலைக்கு ஏன் பையன்கள்? நிலக்கரி எரிக்கும் வீடுகளில் புகைபோக்கி குறுகலாக, வளைந்து வளைந்து போகும். சிலதில் அகலம் 9 அங்குலம்தான். பெரிய ஆள் நுழைய முடியாது. அதனால் ஐந்தாறு வயசுப் பிள்ளைகளை ஏற்றினார்கள். அங்கங்கே சிறுமிகளும் உண்டு. பெரும்பாலும் ஏழை, அனாதைப் பையன்கள். முட்டியும் முழங்கையும் உரிந்துபோகும். உப்புநீர் தேய்த்து, நெருப்புப் பக்கத்தில் நிறுத்தித் தோலைக் காய்ப்பேற வைப்பார்கள். ராத்திரி கரிச்சாக்கே படுக்கை. குளியல் எப்பவாவதுதான்.

புற்றுநோய் உடனே வராது. பையன் வளர்ந்து ஆளான பிறகுதான் பெரும்பாலும் தெரியும். அதையும் பால்வினை நோய் என்று மருத்துவர்களே தப்பாக நினைத்தார்கள். அந்த நேரத்தில் பழைய முதலாளியை யார் போய்க் கேட்பது?

வேறு வழி இல்லையா என்றால், இருந்தது. 1803-லேயே ஜார்ஜ் ஸ்மார்ட் நீளக் கழியில் பொருத்திய துடைப்பக் கருவியைச் செய்துவிட்டார். ஆனா கருவி வளைவுகளில் போகாது, வீடு அழுக்காகும் என்று வீட்டுக்காரர்கள் மறுத்தார்கள். பிரபுக்கள் சபை மசோதாக்களை நிராகரித்தது. சட்டங்களும் வராமல் இல்லை. 1788-ல் குறைந்தபட்ச வயசு 8. 1840-ல் 21 வயசுக்குள் யாரும் ஏறவே கூடாது என்று தடை. சட்டம் தாளில் இருந்தது, பையன்கள் புகைபோக்கியில் இருந்தார்கள். போய்ப் பார்க்க ஆள் கிடையாது.

1875 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் அருகே ஃபுல்போர்ன் மனநல விடுதியில் ஜார்ஜ் புரூஸ்டர் என்ற 11 வயசுப் பையன் புகைபோக்கிக்குள் சிக்கினான். சுவரை உடைத்து எடுத்தும் பிழைக்கவில்லை. முதலாளிக்கு ஆறு மாதக் கடுங்காவல். ஷாஃப்ட்ஸ்பரி பிரபு இதை வைத்தே அதே வருஷம் புதுச் சட்டம் கொண்டுவந்தார். இனி காவல்துறை உரிமம் இல்லாமல் தொழில் செய்ய முடியாது. அதுக்கப்புறம்தான் இந்த வழக்கம் ஒழிந்தது.

கருவி வந்து அதற்குள் 72 வருஷம் ஓடிவிட்டது.

1892-ல் ஹென்றி பட்லின் என்ற அறுவை மருத்துவர் இதே புற்றுநோயைப் பற்றி லண்டனில் உரைகள் நிகழ்த்தினார். பையன்கள் ஏறுவது நின்று 17 வருஷம் ஆகியும், நோயாளிகள் வந்துகொண்டேதான் இருந்தார்கள்.