மேல்விசாரத்துச் செவுள் செல்கள்

பெருந்துறை சிப்காட்டில் சாய ஆலைகளும் தோல் ஆலைகளும் இருக்கின்றன. ஆலைக் கழிவுநீர் சுத்தமாகிவிட்டதா என்று சொல்ல நம் சட்டம் மீனையும் கேட்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி, துளியும் நல்ல தண்ணீர் கலக்காத கழிவுநீரில் 96 மணி நேரம் விட்ட மீன்களில் 90 விழுக்காடு பிழைத்திருக்க வேண்டும்.

இந்தச் சோதனை வீண் என்று சொல்ல மாட்டேன். ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதைக் கண்டவை பெருந்துறைப் பக்கத்து ஊர்கள். குரோமியம் இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று தனித்தனியே அளந்தால், எல்லாம் சேர்ந்து என்ன செய்யும் என்பது தெரியாது. மீனுக்குத் தெரியும். ஆனால் அதை அது செத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கு மாற்று ஒன்று இன்னொரு தோல் ஊரில் பிறந்தது. ராணிப்பேட்டையை ஒட்டிய மேல்விசாரத்தில், சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் சாகுல் ஹமீதும் மாணவர்களும் மீன் செல்களைச் சோதனைக்கூடத்தில் வளர்த்து வந்தார்கள். முதல் தேவை மீன் நோய் ஆய்வுதான். நோய் தரும் வைரஸ் உயிருள்ள செல்லில்தான் பெருகும். செவுள் துணுக்கைக் கழுவி, பொடியாக நறுக்கி, ஊட்டநீர் ஊற்றிய குடுவையில் வைப்பார்கள். துணுக்கின் ஓரத்திலிருந்து செல்கள் மெல்லப் பரவும். அவற்றைப் பிரித்துப் பிரித்து வேறு குடுவைகளுக்கு மாற்றிக்கொண்டே போகலாம். ஒரு மீனில் தொடங்கியது ஆண்டுக்கணக்கில் நீளும்.

கேரளத்தார் கரிமீன் என்று விரும்பி உண்ணும் மீனின் கண், செவுள், சிறுநீரகச் செல்கள் இப்படி உருவாயின. தோல் கழிவுநீரை ஒருபக்கம் உயிர்மீனுக்கும் மறுபக்கம் இந்தச் செல்களுக்கும் கொடுத்து ஒப்பிட்டார்கள். உயிருள்ள செல் ஒரு மஞ்சள் வேதிப்பொருளை ஊதாவாக்கும். நிறம் குறைந்தால் செல்கள் செத்திருக்கின்றன. இரண்டு முடிவுகளும் ஒத்துப்போயின. 2012இல் ‘கீமோஸ்பியர்’ ஆய்விதழில் இது வெளிவந்தது. டிரவுட் மீனின் செவுள் செல்லைக் கொண்டு வேதிப்பொருள்களைச் சோதிக்கும் முறையைப் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு ஏற்றது 2021இல்.

ஒரு குறை உண்டு. ஊட்டநீரில் வழக்கமாகச் சேர்க்கும் சீரம், கன்றுக் கருவின் இரத்தத்திலிருந்து வருவது. அதையும் விலக்கினால்தான் இந்த வேலை முழுமையாகும்.

தோல் கழிவுக்குக் கிடைத்த முடிவைச் சாயக்கழிவுக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. சாயக்கழிவு போன்ற உப்பு மிகுந்த நீரில், வேறு நஞ்சே இல்லாவிட்டாலும் செல் சுருங்கிவிடும். ஆகவே மேல்விசாரத்தில் செய்த அதே ஒப்பீட்டைப் பெருந்துறைச் சாயத் தண்ணீரை எடுத்தும் செய்து பார்க்க வேண்டும். அதற்குச் சில மீன்கள் சாகத்தான் செய்யும். முடிவு ஒத்துவந்தால் விதியில் மீனுக்குப் பதிலாகச் செவுள் செல்லை எழுதிவிடலாம்.