ஆறு மாதக் கெடு

புதுச்சேரி குருசுக்குப்பம் பக்கம் போனால் அந்தப் பெயர்ப் பலகையை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ‘குருசு’ போர்த்துகீசியத்திலிருந்து வந்த வார்த்தை. சிலுவை என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரில் போர்த்துகீசியத்துக்கு என்ன வேலை என்கிறீர்களா? அந்தக் காலத்தில் இந்தக் கரையில் வெள்ளைக்காரனும் தமிழனும் வியாபாரம் பேசிய மொழி அதுதான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு வழக்கில் குறுக்கே வரும்.

1708. பிரெஞ்சுக் கம்பெனியின் கவர்னர் எபேர், தலைமைத் தரகர் பதவியிலிருந்த லாசர் என்ற கிறிஸ்தவரை நீக்கிவிட்டு நைனியப்ப பிள்ளையை நியமித்தார். பிள்ளை இந்து. தரகர் என்றதும் கமிஷன் ஆசாமி என்று நினைத்துவிடாதீர்கள். நெசவாளர்களுக்கு முன்பணம் போய்ச் சேர வேண்டும், கப்பல் கிளம்புவதற்குள் துணி வந்து சேர வேண்டும், கம்பெனி கையில் காசில்லாதபோது கடன் புரட்ட வேண்டும். பி.காமில் ‘குட்வில்’ என்று ஒன்று படித்தேன். நைனியப்பரின் முதலீடே அதுதான்.

ஏசு சபைப் பாதிரியார்கள் விடவில்லை. கத்தோலிக்க ராஜாவின் கம்பெனி. ஊர்த் தமிழர்களில் முதல் மரியாதை ஓர் இந்துவுக்கா? பாரீஸ் வரை புகார் போனது. 1714-ல் அரசனின் உத்தரவு வந்தது: நைனியப்பர் ஆறு மாதத்தில் ஞானஸ்நானம் பெற வேண்டும், இல்லாவிட்டால் பதவி காலி! (பிரான்சிலிருந்து கப்பல் வரவே பல மாதம் பிடிக்கும் காலம் அது.) நைனியப்பர் மதம் மாறவில்லை. அவரை விட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று உள்ளூர் கவுன்சிலுக்குத் தெரியும். அதனால் ஒரு கிறிஸ்தவரையும் கூடவே தரகராகப் போட்டுச் சமாளித்தார்கள். நம்ம ஊர் கூட்டணி ஃபார்முலா!

இதற்கிடையே பதவி இழந்து பிரான்ஸ் போன எபேர், 1715-ல் ஏசு சபையாரோடு சமாதானமாகித் திரும்பி வந்தார். 1716 பிப்ரவரியில், தான் நியமித்த அதே நைனியப்பரைக் கைது செய்தார். ராஜத்துரோகம், கொடுங்கோன்மை என்று குற்றச்சாட்டு. ஏழைக் கிறிஸ்தவர்களுக்கு விருந்து வைத்து ஜெபமாலை கொடுத்தார் என்பதுகூட அவர்மேல் ஒரு புகார். சாட்சிகள் தமிழில் சொன்னது போர்த்துகீசியமாகி, அப்புறம் பிரெஞ்சானது. மொழிபெயர்த்தவர் ஏசு சபை உபதேசியாரின் மகன். வேறென்ன தீர்ப்பு வரும்? கடைவீதியில் ஐம்பது சாட்டையடி, 8,888 வராகன் அபராதம், மூன்று வருடச் சிறை, பிறகு நாடு கடத்தல். 1717-ல் சிறையிலேயே செத்துப்போனார்.

எல்லாப் பாதிரியார்களும் ஒரே கட்சி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நைனியப்பருக்காகப் பிரான்சுக்கு எழுதி வாதாடியவர்களில், ஏசு சபையாரோடு ஆகாத பாரீஸ் வேதபோதக சபைக் குருக்களும் உண்டு. எபேர் திருப்பி அழைக்கப்பட்டார். தீர்ப்பும் ரத்தானது. செத்தவருக்கு அதனால் என்ன?

மூத்த மகன் குருவப்பா பிரான்சுக்கே கப்பலேறினார். அப்பா மறுத்ததை மகன் செய்தார். அரசப் பிரதிநிதியான ஆர்லியன்ஸ் பிரபுவே ஞானத்தந்தை. ‘செவாலியே’ பட்டம் வேறு. ஊர் திரும்பிய குருவப்பாவுக்கு அப்பாவின் நாற்காலி கிடைத்தது. பாதிரியார்கள் கேட்ட மதமும் இருந்தது, கம்பெனிக்கு வேண்டிய குடும்பத் தொடர்புகளும் இருந்தன. விரும்பித்தான் மாறினாரா, கணக்குப் போட்டு மாறினாரா? நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு நடந்ததைப் பார்த்த பிள்ளை.

1724-ல் குருவப்பாவும் இறந்துபோக, பதவி மறுபடி லாசர் குடும்பத்துக் கிறிஸ்தவரான கனகராய முதலியாரிடம் போனது. 1746-ல் அவர் காலமானதும் அதே பழைய சண்டை: இந்துவா, கிறிஸ்தவரா? கவர்னர் டூப்ளேவுக்கு யுத்த நேரம். பணம் புரட்டத் தெரிந்த ஆள் வேண்டும். கடைசியில் ஓர் இந்துவைத்தான் தேர்ந்தெடுத்தார். நைனியப்பரோடு அன்று கைதான அவர் மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையின் மகன். அப்பா சிறைக்குப் போனபோது பையனுக்கு ஏழு வயதுகூட ஆகவில்லை. பெயர், ஆனந்தரங்கப் பிள்ளை!