கல் தேய்ந்த கணக்கு



தோட்டத்து மலைச்சரிவில் மறுநடவு செய்யும்போது மண்ணைப் படிப்படியாக வெட்டிக் கன்று வைப்பதையும், இடையில் மூடுபயிர்க் கொடிகளைப் படரவிடுவதையும் நாம் பார்த்திருக்கிறோம். அப்படிச் செய்யாவிட்டால் நாலு பெருமழைக்கு மேல்மண் வடிகாலோடு போய்விடும். இன்றைய பேச்சு இதற்கு முற்றும் மாறான ஓர் இடத்தைப் பற்றியது. அங்கே மழை இல்லை. விழும் சிறிதளவு பனியும் உருகாமலே பெரும்பாலும் காற்றோடு போய்விடுகிறது. மரமில்லை, புல்லில்லை. அங்கேயும் கல் தேய்கிறது. எவ்வளவு என்பதை மனிதர் எப்படி அளந்தார்கள் என்பதே நம் கதை.

1903 டிசம்பரில், ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி ராபர்ட் ஸ்காட், தென்துருவக் கண்டமாகிய அண்டார்க்டிகாவின் உட்பகுதியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். எட்கர் எவன்ஸ், வில்லியம் லாஷ்லி என்ற இருவர் உடனிருந்தனர். பனியாறு ஒன்றின் வழியே இறங்கியவர்கள், பனியே மூடாத ஒரு பள்ளத்தாக்கைக் கண்டு திகைத்தார்கள். எங்கும் மணலும் கல்லும். உயிருள்ள எதையும் காணோம். சீல் என்னும் கடற்பிராணி ஒன்றின் எலும்புக்கூடு மட்டும் கிடந்தது. இதுவும் இதை அடுத்தவையும் இன்று மக்மர்டோ உலர் பள்ளத்தாக்குகள் எனப்படுகின்றன. உலகின் மிகக் குளிர்ந்த, மிக வறண்ட பாலைவனங்களில் இது ஒன்று.

இங்கே கல் தேய்வதை நேரில் அளக்க வழியில்லை. பால்மரத்தில் ஒரு நாள் சீவும் பட்டை மிக மெல்லியது. ஆனாலும் மாதக் குறி போட்டு அளந்தால் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். கல்லுக்குக் குறி போட்டால், போட்டவர் காலமும் அவர் பேரன் காலமும் முடிந்தாலும் வேறுபாடு தெரியாது.

விடை வானத்திலிருந்து வந்தது. 1912இல் விக்டர் ஹெஸ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி பலூனில் 5,000 மீட்டருக்கும் மேலே ஏறி, உயரே செல்லச் செல்லக் கதிர்வீச்சு மிகுவதைக் கண்டார். விண்வெளியிலிருந்து ஓயாமல் பொழியும் காஸ்மிக் கதிர்கள் அவை. அதற்காக 1936இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்தக் கதிர்கள் கல்லையும் விடுவதில்லை. ஆற்று மணலில் பளபளக்கும் குவார்ட்ஸ் நம் எல்லோருக்கும் தெரிந்ததே. அதிலுள்ள ஆக்சிஜன் அணுவின் மீது கதிர்த்துகள் மோதி உடைக்கும்போது பெரிலியம்-10 பிறக்கிறது. சாதாரண பெரிலியத்துக்கு இது எடையில் மட்டும் வேறுபட்ட உடன்பிறப்பு. இத்தகையவற்றை ஐசோடோப்பு என்பார்கள். கடல் மட்டத்தில், துருவப் பக்கத்தில், ஒரு கிராம் குவார்ட்ஸில் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 அணுக்கள்தான் இப்படி உண்டாகும். மலை உச்சிகளில் இன்னும் கூடுதல்.

கதிர்கள் கல்லுக்குள் வெகு ஆழம் போவதில்லை. 60 சென்டிமீட்டர் இறங்குவதற்குள் அவற்றின் வலு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஒடுங்கிவிடும். ஆகவே பெரிலியம் சேர்வது பெரும்பாலும் மேல்பகுதியில்தான். வெயிலில் நெடுநேரம் நின்றவர் மேனி கறுப்பதுபோல, மெல்லத் தேயும் பாறையில் இந்த அணுக்கள் மிகுதியாகச் சேர்ந்திருக்கும். விரைவாகத் தேயும் பாறையிலோ, அடியிலிருந்து வெயில் படாத புதுக்கல் மேலே வந்துகொண்டே இருப்பதால் சேர்மானம் குறைவு. அணுக்களை எண்ணினால் தேய்வின் வேகம் கிடைத்துவிடும். சிலிக்கான் உடைந்து உண்டாகும் அலுமினியம்-26ஐயும் சேர்த்து எண்ணுவார்கள். அது பெரிலியத்தைவிட விரைவில் சிதைவதால், கல் இடையில் நெடுங்காலம் பனிக்கடியில் புதைந்து கிடந்ததா என்பதையும் காட்டிக்கொடுத்துவிடும்.

சொல்வது எளிது. கோடானுகோடி அணுக்களுக்கிடையே ஒளிந்திருக்கும் சிலவற்றை எண்ண, துகள் முடுக்கி என்னும் பெரிய கருவி 1970களின் இறுதியில் இந்த வேலைக்குப் பழக்கப்படும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்துறைக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவர் வாரணாசியில் பிறந்த தேவேந்திர லால். பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் 1950களிலேயே காஸ்மிக் கதிர் ஐசோடோப்புகளை ஆராயத் தொடங்கியவர். அணு எண்ணிக்கையிலிருந்து தேய்வைக் கணக்கிடும் முறையை 1991இல் விரிவாக எழுதி வைத்தார். அவர் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இல்லாதது நமக்கு வருத்தமே.

உலர் பள்ளத்தாக்குப் பாறைகளில் கிடைத்த விடை வியப்பானது. உயரமான இடங்களில் 10 லட்சம் ஆண்டுகளில் 10 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரைதான் தேய்வு. குறைந்த அளவை எடுத்துக்கொண்டால், ஆயிரம் ஆண்டில் ஏறத்தாழ ஒரு தலைமயிரின் பருமன்!

இதனால் யாருக்கு என்ன என்று கேட்கலாம். கிழக்கு அண்டார்க்டிகாவின் பனி முழுதும் உருகினால் உலகக் கடல் மட்டம் 50 மீட்டருக்கும் மேல் உயரும். கேரித் தீவின் செம்பனைத் தோட்டங்களை இன்றே மண்அணை கட்டித்தான் கடலிலிருந்து காக்கிறார்கள். ஆகவே அந்தப் பனி எவ்வளவு உறுதியானது என்பது நம் காரியமும் ஆகும்.

1980களில் பீட்டர் வெப், டேவிட் ஹார்வுட் ஆகியோர், மலைமேல் இருந்த பழைய பனிப்படிவுகளில் டயாட்டம் என்னும் நுண்ணிய கடற்பாசிகளைக் கண்டார்கள். சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பூமி இன்றைவிட வெப்பமாக இருந்தபோது, கிழக்கின் பனி பெருமளவு கரைந்து கடல் உள்ளே புகுந்தது. பனி மீண்டும் வளர்ந்தபோது அப்பாசிகளைக் கடலடியிலிருந்து வாரி மலைமேல் சேர்த்தது என்பது அவர்கள் வாதம். ஜார்ஜ் டென்டன், டேவிட் சக்டன், டேவிட் மார்ச்சன்ட் ஆகியோர் மறுத்தார்கள். டயாட்டங்களைக் காற்றே தூக்கி வந்திருக்கலாம்; அங்கே வெதுவெதுப்பும் நீரோட்டமும் இருந்திருந்தால் சரிவுகள் இப்படி அழியாமல் இருந்திருக்குமா என்று கேட்டார்கள். பெரிலியக் கணக்கு இவர்கள் பக்கமே பேசியது. நமக்கும் இவர்கள் வாதமே வலுவாகப் படுகிறது.

ஆனால் ஒரு மலைச்சரிவின் சாட்சி ஒரு கண்டம் முழுமைக்கும் ஆகாது. 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, ராஸ் கடலடியில் துளையிட்டு எடுத்த படிவுகளில் இதே அணுக்களைத் தேடியது. மிகச் சிறிதளவே இருந்தன. அந்த மணல் வந்த நிலம் 80 லட்சம் ஆண்டுகளாகப் பெரும்பாலும் பனிக்கடியிலேயே இருந்தது என்று பொருள். நிலத்தின்மேல் அமர்ந்த கிழக்குப் பனிக்கே இந்தச் சான்று. கடல் மட்டத்துக்குக் கீழே தாழ்ந்த தரையில் அமர்ந்த பனியும் உண்டு. மேற்கு அண்டார்க்டிகாவில் பெரும்பகுதி அத்தகையது. அந்த வெப்பக் காலத்தில் அது பலமுறை சரிந்து கரைந்ததை, அதே கடலடிப் படிவுகளே காட்டுகின்றன.