நடுக்கடலில் ஒரு கோடு

நிலத்திலே வழி தவறியவன் எதிர்ப்படுவோரைக் கேட்டுத் தெளியலாம். கடலிலே வழி தவறிய மீகாமனுக்கு அந்த வாய்ப்பில்லை. நீரும் வானுமன்றி வேறெதுவும் தோன்றாத இடத்தில், தன் கப்பல் எங்கே நிற்கின்றது என்பதை அவன் கணக்கினாலேயே அறிதல் வேண்டும். அக்கணக்குப் பிழைத்தால் பாறை காத்திருக்கும். கடல்வழிக் கணிதம் வெறும் ஏட்டுக் கல்வியன்று, உயிர்காக்கும் கல்வி. அக்கல்வியைப் பொது மாலுமிக்கும் உரியதாக்கிய ஒருவரையும், ஒரு புயல்நாளின் இக்கட்டிலே அதற்குப் புதுவழி கண்ட மற்றொருவரையும் இங்கே நினைவுகூர்வது பொருந்தும். இருவரும் ஐக்கிய அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தவர்.

முதலாமவர் நதானியேல் பௌடிச். 1773ஆம் ஆண்டு சேலம் என்னும் துறைமுகப் பட்டினத்திலே பிறந்தவர். வறுமை காரணமாகப் பத்து வயதிலே பள்ளியை விட்டார். பன்னிரண்டு வயதிலே கப்பற் பொருள்கள் விற்கும் கடையொன்றிலே தொழில் பழகச் சேர்ந்தார். பகலெல்லாம் கயிறும் பாய்த்துணியும் விற்ற அச்சிறுவர், ஓய்வு நேரங்களிலே கணிதம் பயின்றார். நியூற்றனின் பெருநூலைப் படிக்க விரும்பி, அது இலத்தீன் மொழியில் இருந்தமையால் அம்மொழியையும் தாமாகவே கற்றார். 1795ஆம் ஆண்டிலே கடலிற் காலடி வைத்த அவர், 1803ஆம் ஆண்டுவரை ஐந்து நெடும் பயணங்களை மேற்கொண்டார்.

அக்காலத்து மாலுமிகளுக்கு இருந்த இடர் யாது? நண்பகலிலே ஞாயிறு உச்சியை அடையும்போது அதன் உயரத்தைச் செக்ஸ்டன்ற் என்னும் கோணமானியால் அளந்து அகலக்கோட்டை எளிதில் அறியலாம். நெடுங்கோட்டை அறிவதோ கடினம். பூமி ஒரு மணி நேரத்திற் பதினைந்து பாகை சுழல்கின்றது. ஆகவே, கப்பல் நிற்குமிடத்து நேரத்துக்கும் கிறீனிச்சு நேரத்துக்கும் உள்ள வேறுபாடே நெடுங்கோடாகும். கிறீனிச்சு நேரத்தை நடுக்கடலிலே காட்டவல்ல கடற்கடிகாரத்தை ஜோன் ஹரிசன் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே செய்துவிட்டாராயினும், அதன் விலை வணிகக் கப்பல்களுக்கு எட்டாததாயிருந்தது. எனவே, விண்மீன்களிடையே திங்கள் நகரும் தூரத்தை அளந்து நேரத்தைக் கணிக்கும் முறையே பலருக்குப் புகலிடமாயிற்று. அக்கணக்கு மிக நீண்டது. சற்றே பிசகினாலும் பல மைல் தொலைவு பிழைக்கும்.

அக்கணக்குகளுக்கு வேண்டிய வாய்பாடுகளை ஜோன் ஹமில்ற்றன் மூர் என்பவரின் நூலிலிருந்தே மாலுமிகள் எடுத்தாண்டனர். பௌடிச் அந்நூலைச் சோதித்தபோது எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட பிழைகளைக் கண்டார். அவற்றுள் ஒன்று, 1800ஆம் ஆண்டை நெட்டாண்டாகக் கொண்டமை. நூற்றாண்டு முடிவிலே வரும் ஆண்டு நானூறால் வகுபடாவிடின் நெட்டாண்டு ஆகாது. ஒரு நாட் கணக்குத்தானே என்று எண்ணுதற்கில்லை. மார்ச் மாதத்தில் ஞாயிற்றின் நிலை வடக்கு நோக்கி நாளொன்றுக்கு ஏறக்குறைய 24 கலை மாறுகின்றது. ஒரு கலை ஒரு கடல் மைலுக்குச் சமம். ஆகவே, ஒரு நாட் பிழை கப்பலை 24 மைல் தவறான இடத்தில் வைத்துவிடும். இரவிலே கரையை அணுகும் கப்பலுக்கு 24 மைல் என்பது வாழ்வுக்கும் சாவுக்கும் இடையிலுள்ள தொலைவன்றோ!

பிழைகளைத் திருத்துவதோடு அமையாது, 1802ஆம் ஆண்டிலே பௌடிச் தமது பெயரிலேயே புதிய கடல்வழி நூலொன்றை வெளியிட்டார். தம்முடன் பயணஞ் செய்த மாலுமிகளுக்குக் கற்பித்து விளங்கவைக்க முடியாத எதனையும் நூலிற் சேர்ப்பதில்லை என்பதே அவர் மேற்கொண்ட விதி. கணிதம் தலைவனுக்கு மட்டும் உரிய மறைபொருள் என்று கருதிய காலத்திலே, பாய் இழுப்பவனுக்கும் அதனைப் பொதுவாக்கினார் அவர். அதன் பயன் 1817ஆம் ஆண்டிலே வெளிப்பட்டது. அவ்வாண்டு சேலத்திலிருந்து புறப்பட்ட கிளியோபாற்றாஸ் பார்ஜ் என்னும் உல்லாசக் கப்பல் இத்தாலியின் ஜெனோவாத் துறையை அடைந்தது. அங்கே அதனைக் காணவந்த வானியலறிஞர் வொன் சாக், கப்பலின் சமையற்காரரும் திங்கட் கணக்கைச் செய்யவல்லவர் என்று கேட்டு வியந்தார். சமையற்கட்டிலிருந்து அழைக்கப்பட்ட அக்கறுப்பின மனிதர், அறிஞர் கேட்ட வினாக்களுக்குத் தடுமாற்றமின்றி விடை கூறினார். பல்வேறு முறைகளின் பெயரையும், அவற்றுள் தாம் விரும்புவது எது என்பதையும் சொன்னார். அவர் முன்னர்ப் பௌடிச்சுடன் பயணஞ் செய்தவர். நல்லாசிரியர் ஒருவரின் கை பட்ட இடமெல்லாம் கல்வி முளைக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இரண்டாமவர் தோமஸ் சம்னர். 1807ஆம் ஆண்டு பொஸ்டன் நகரிலே பிறந்து, ஹார்வார்ட் கல்லூரியிலே பயின்று பட்டம் பெற்றவர். பின்னர்க் கடலோடியாகிக் கப்பற்றலைவராக உயர்ந்தார். 1837ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் தென் கரோலினாவின் சாள்ஸ்ரன் துறையிலிருந்து ஸ்கொத்லாந்தின் கிறீனொக் துறை நோக்கி அவர் புறப்பட்டார். அயர்லாந்தை அணுகுமுன் ஏறக்குறைய 700 மைல் தூரம் வானம் மூடிக்கிடந்தது. ஞாயிற்றையோ விண்மீனையோ காண இயலவில்லை. திசையையும் வேகத்தையும் கொண்டு போடும் உத்தேசக் கணக்கே துணை. டிசம்பர் 17ஆம் நாள் நள்ளிரவில் தென்கிழக்கிலிருந்து கடுங்காற்று வீசிக் கப்பலை அயர்லாந்துக் கரையை நோக்கித் தள்ளத் தொடங்கிற்று. கரை எவ்வளவு அண்மையிலுள்ளது என்பதோ தெரியாது.

மறுநாட் காலை பத்து மணியளவில் முகில் சற்றே விலகிற்று. சம்னர் ஞாயிற்றின் உயரத்தை அளந்து, கடற்கடிகாரத்தின் நேரத்தையும் குறித்துக்கொண்டார். ஆயினும், அவ்வளவிலிருந்து நெடுங்கோட்டைக் கணிப்பதற்கு அகலக்கோடு முதலிலே தெரிதல் வேண்டும், அதுவோ ஐயத்துக்குரியது. உத்தேசமான அகலக்கோட்டை வைத்துக் கணக்கிட்டார், ஓரிடம் கிடைத்தது. பத்துக் கலை வடக்கே என்று கொண்டு கணக்கிட்டார். 27 மைல் அப்பால் வேறோர் இடம் வந்தது. இன்னும் பத்துக் கலை கூட்டினார். மூன்றாம் இடம் வந்தது. மூன்றினையும் கடற்படத்திலே குறித்தபோது அவை ஒரே நேர்கோட்டில் அமைந்தன. அக்கோடு ஸ்மோல்ஸ் என்னும் பாறையிலுள்ள வெளிச்சவீட்டின் ஊடாகவும் சென்றது!

அப்பொழுதே உண்மை அவருக்குப் புலனாயிற்று. ஒரு கணத்திலே ஞாயிறு பூமியின் ஓரிடத்துக்கு நேர் மேலே நிற்கின்றது. அவ்விடத்திலிருந்து சமதூரத்தில் உள்ளோர் எல்லோருக்கும் ஞாயிறு ஒரே உயரத்திற் றோன்றும். அவ்விடங்கள் யாவும் சேர்ந்து ஒரு பெரு வட்டமாகும். அதன் சிறு துண்டு கடற்படத்திலே நேர்கோடாகத் தோற்றும். கப்பல் அக்கோட்டிலே எங்கே நிற்கின்றது என்பது தெரியாவிடினும், அக்கோட்டின்மீதே நிற்கின்றது என்பது உறுதி. அக்கோடு சென்ற திசையிலேயே சம்னர் கப்பலைச் செலுத்தினார். ஒரு மணி நேரத்துக்குள் ஸ்மோல்ஸ் வெளிச்சவீடு எதிரே தோன்றியது. உத்தேசக் கணக்கின் அகலக்கோடு எட்டுக் கலை பிழைத்திருந்தது. கப்பலோ பிழைக்கவில்லை, தப்பியது.

இந்நிகழ்ச்சிக்கு மூன்று மாதங்களின் பின், 1838ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே பௌடிச் காலமானார். சம்னர் 1843ஆம் ஆண்டு தம் முறையை நூலாக வெளியிட்டார். அமெரிக்கக் கடற்படை அதனை விரைவில் ஏற்றுக்கொண்டது. ஆயினும், அவருடைய பிற்கால வாழ்வு துயரமானது. மனநலம் குன்றிய அவர் மருத்துவமனைகளிலே பல்லாண்டுகள் கழித்து, 1876ஆம் ஆண்டு இறந்தார். அதற்கு முந்திய ஆண்டிலேயே, மார்க் செயின்ற் ஹிலேயர் என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி சம்னரின் கோட்டை மேலும் எளிதாக வரையும் முறையை வெளியிட்டிருந்தார். கப்பல் நிற்பதாகக் கருதும் இடத்திலிருந்து ஞாயிறு எவ்வளவு உயரத்திற் றோன்றவேண்டும் என்று முதலிற் கணித்தல். பின்னர் அளந்த உயரத்தோடு ஒப்பிடுதல். அளந்தது ஐந்து கலை மிகுந்தால், உண்மைக் கோடு ஞாயிற்றை நோக்கி ஐந்து கடல் மைல் அண்மையிலுள்ளது. குறைந்தால் அவ்வளவு அப்பாலுள்ளது. நெடுங்கடலிலே பாய்க்கப்பல் செலுத்த விரும்புவோர் இன்றும் உயர்நிலைப் பாடமாகக் கற்பது இதனையே.

இக்காலத்திலே செயற்கைக் கோள்கள் கப்பலின் இடத்தை நொடியிலே காட்டுகின்றன. பழைய கணக்கு இனி எதற்கு என்று வினவுவார் உளர். அமெரிக்கக் கடற்படைக் கழகமும் அவ்வாறே எண்ணி, 1990களின் பிற்பகுதியில் வான்வழிக் கணிதத்தைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கிற்று. 2015ஆம் ஆண்டிலே மீண்டும் கற்பிக்கத் தொடங்கிற்று. கருவியின் குறிகை தடைப்படலாம், மின்கலம் தீர்ந்துபோகலாம், வஞ்சகர் பொய்க் குறிகை அனுப்பவும் கூடும் என்பதை அது உணர்ந்தது போலும்.

அதனினும் ஆழமான காரணமொன்று உண்டு. கருவி இடத்தைக் காட்டும். அது எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதைக் கல்வியே காட்டும். சம்னர் அன்று காலை தம் இடத்தை அறிந்தவரல்லர். தாம் அறிந்தது எவ்வளவு, அறியாதது எவ்வளவு என்பதைத் தெளிவாகப் பிரித்தறிந்தவர். அறிந்த அச்சிறிதையே ஒரு கோடாக வரைந்து, அதனைப் பற்றிக்கொண்டு கரை சேர்ந்தார். கடலில் மட்டுமன்று, ஐயம் சூழ்ந்த எவ்விடத்தும் மனிதனுக்குக் கல்வி தரக்கூடிய துணை அதுவே.