மழித்த தலையும் மழிக்கும் கத்தியும்



வரலாறு என்றவுடன் போர்க்களத்திற் சுழன்ற வாள் நம் நினைவுக்கு வருகின்றது. அரசர்களின் வாளோ ஆண்டில் சில நாட்களே உறையை விட்டு வெளிவந்தது. நாள்தோறும் மனிதன் கழுத்துக்கு மிக அண்மையில் வந்து, தீங்கு செய்யாது திரும்பிச் சென்ற கூரிய கருவி ஒன்று உண்டு. அது சவரக் கத்தி. அக்கத்தி செய்த பணிகளுள் கடினமானதாகிய தலை மழித்தலைப் பற்றி இன்று சில செய்திகளைக் கூற விரும்புகின்றேன்.

முகத்தை மழிப்பதினும் தலையை மழிப்பது அரிது. முகத்தைக் கண்ணாடியிற் காணலாம். பிடரியைக் காண இயலாது. தலை உருண்டையானது, எலும்பின்மேல் மெல்லிய தோல் போர்த்தது, மேடும் பள்ளமும் உடையது. அதன்மேல் முளைக்கும் முடியும் ஒரே திசையிற் சாய்வதில்லை. உச்சியிலுள்ள சுழியிலிருந்து நாற்புறமும் சுற்றிப் படர்கின்றது. ஆதலின் தலை வழவழப்பாக அமைய மூன்று வேண்டும்: மழுங்காத கூர்மை, முடியை இளக்கும் முறை, முடியின் போக்கறிந்த கை. இம்மூன்றையும் மனிதன் எவ்வாறு தேடிப் பெற்றான் என்பது ஒரு கேள்வி. கத்தி யார் கையில், யார் விருப்பத்தால் இயங்கியது என்பது மற்றொரு கேள்வி.

மழித்த தலையைப் பற்றிய பழஞ்செய்திகளுள் ஒன்று எகிப்து நாட்டைச் சார்ந்தது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் எரடோட்டசு, அந்நாட்டுக் கோயிற் பூசாரிகள் ஒருநாள் விட்டு ஒருநாள் உடல் முழுவதையும் மழித்துக்கொண்டனர் என்று எழுதியுள்ளார். தெய்வத் தொண்டு செய்வோர் மீது பேனும் அழுக்கும் தங்கலாகாது என்பதே அதற்கு அவர் கூறும் காரணம். தலைமுடி ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கு வளர்கின்றது. இரண்டு நாளில் முளைப்பது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதி. அவ்வளவையும் பொறாது மழித்தவர்கள் அப்பூசாரிகள். எகிப்தியக் கல்லறைகளிற் செம்பாலும் வெண்கலத்தாலும் ஆகிய மழிப்புக் கத்திகள் கிடைத்துள்ளன. இவ்வுலோகங்கள் இரும்பு உருக்கைப் போல் உறுதியானவை அல்ல; விரைவில் முனை மழுங்குவன. ஓயாது தீட்டித் தீட்டியே அவற்றைக் கையாண்டிருத்தல் வேண்டும்.

நம் நாட்டில் புத்தர் பெருமானின் துறவியர் சங்கம் தலை மழித்தலை ஓர் ஒழுங்காகவே வகுத்தது. முடி இரண்டு விரற்கடைக்கு மேல் வளர்தலாகாது. இரண்டு திங்களுக்கு மேல் மழிக்காது இருத்தலும் ஆகாது என்பது விநய விதி. பிக்கு ஒருவர் உடைமையாக வைத்துக்கொள்ளத் தக்கவை எட்டு என்பது மரபு. ஆடை மூன்று, ஓடு ஒன்று, இடைக்கச்சு ஒன்று, ஊசி ஒன்று, நீர் வடிகட்டி ஒன்று. எஞ்சிய ஒன்று மழிப்புக் கத்தி. அனைத்தையும் துறந்தவன் துறவாது வைத்துக்கொண்ட பொருள்களுள் கத்தியும் ஒன்று என்பது எண்ணத்தக்கது.

இங்கே உபாலி என்னும் பெரியாரை நினைவுகூர வேண்டும். அவர் சாக்கிய இளவரசர்களின் நாவிதர். இளவரசர் சிலர் துறவு பூணப் புறப்பட்டபோது அவரும் உடன் சென்றார். முதலில் உபாலிக்கே துறவு அளிக்க வேண்டும். அங்ஙனமாயின், பிறகு துறவு பெறும் தாங்கள் அவரை வணங்க நேரும். தங்கள் குலச் செருக்கும் அடங்கும் என்று அவ்விளவரசர்களே வேண்டிக்கொண்டனர் எனப் பௌத்த நூல்கள் கூறுகின்றன. அந்நாவிதர் பின்னர் விநய விதிகளில் ஒப்பற்ற அறிஞரானார். புத்தர் மறைந்தபின் இராசகிருகத்திற் கூடிய முதற் பேரவையில், சங்கத்தின் சட்டங்களை நினைவிலிருந்து எடுத்துரைத்தவர் அவரே.

உபாலியின் தொழிலைச் செய்தோரின் அறிவு எத்தகையது? நாவிதர் முதலில் நீர் தெளித்துத் தலையை விரல்களால் நெடுநேரம் தேய்ப்பார். முடியை இளக்குவதும், அது சாயும் திசையைத் தடவி அறிவதும் அவ்வொரு செயலிலேயே முடிந்துவிடும். ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, மறு கையால் கத்தியைச் சாய்த்து ஓட்டுவார். கத்தியை நிமிர்த்தினால் தோல் வெட்டுப்படும். முழுதும் படுக்க வைத்தால் முடி அறுபடாது. சாணைக்கல்லில் தீட்டிய முனையைத் தோல்வாரில் இழுத்துச் செம்மை செய்வார். உடலை நன்கறிந்த இக்கைகள் மருத்துவத்திலும் ஈடுபட்டதில் வியப்பில்லை. தமிழகத்தில் நாவிதர்களுக்கு மருத்துவர் என்ற பெயரும், பேறு பார்த்த அவர்தம் இல்லத்துப் பெண்டிருக்கு மருத்துவச்சி என்ற பெயரும் வழங்கின. இங்கிலாந்தில் 1540ஆம் ஆண்டில் நாவிதரும் அறுவை மருத்துவரும் ஒரே சங்கமாகச் சட்டத்தால் இணைக்கப்பட்டனர். 1745ஆம் ஆண்டிலேதான் பிரிந்தனர்.

ஆயினும் இதே கத்தி அடக்குமுறையின் கருவியாகவும் இருந்ததுண்டு. சீன நாட்டை வென்ற மஞ்சூரிய அரசினர் 1645ஆம் ஆண்டில் ஒரு கட்டளை பிறப்பித்தனர். ஆடவர் அனைவரும் முன்தலையை மழித்துப் பின்முடியைச் சடையாகப் பின்னிக்கொள்ள வேண்டும்; மறுப்போர்க்கு மரணமே தண்டனை. பெற்றோர் தந்த உடலையும் முடியையும் காப்பது கடமையெனக் கருதிய மக்கள் பல நகரங்களிற் கிளர்ந்தெழுந்தனர், எண்ணற்றோர் மாண்டனர். 1911ஆம் ஆண்டுப் புரட்சியால் அவ்வரசு வீழ்ந்த பின்னரே அவ்வழக்கம் ஒழிந்தது.

நம் நாட்டிலும் இத்தகைய கொடுமை இருந்தது. கணவனை இழந்த பெண்டிர் கூந்தல் களைந்து கைம்மை நோற்றதைப் புறநானூற்றுப் பாடல்கள் சில குறிக்கின்றன. பிற்காலத்தில் சில சமூகங்களில், சிறுமியராயிருந்த விதவைகளும் தலையை மழித்துக்கொள்ளுமாறு வற்புறுத்தப்பட்டனர். அச்சிறுமியர் முன் கத்தியோடு அமர வேண்டியிருந்தவர் நாவிதரே. 1890ஆம் ஆண்டில் பம்பாயில் நாவிதர்கள் கூட்டம் கூடி, விதவைகளின் தலையை இனி மழிப்பதில்லையெனத் தீர்மானித்தனர். சோதிராவ் பூலே நிறுவிய சத்தியசோதக இயக்கத்தைச் சார்ந்தவரும் ஆலைத் தொழிலாளர் தலைவருமான நாராயண் மேகாசி லோகண்டே அவர்களுக்குத் துணை நின்றார். கல்வியும் செல்வமும் மிகுந்தோர் பலர் தயங்கி நின்ற செயலில், நாட்கூலி பெறும் தொழிலாளர் தம் வருவாயை இழக்கவும் துணிந்தனர். சீர்திருத்த வரலாற்றில் இதற்குரிய இடம் சிறியதன்று.

இனிக் கத்தியின் கூர்மைக்கு வருவோம். தென்னிந்தியக் கொல்லர்கள் பண்டைக்காலம் முதலே சிறந்த உருக்கை ஆக்கினர். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகள் பழந்தமிழரின் இரும்பு, உருக்குத் தொழிலுக்குச் சான்று தந்துள்ளன. பிற்காலச் சேலம் வட்டாரத்துக் கொல்லர்கள் இரும்புத் துண்டுகளை ஆவாரங் குச்சிகளோடு களிமண் குகையில் இட்டு, எருக்கிலையால் மூடி, மண்ணால் வாயடைத்து, கரியுலையில் துருத்தி கொண்டு ஊதிக் காய்ச்சினர். குச்சியிலும் இலையிலுமுள்ள கரி இரும்பிற் சேர்ந்து, அதனை உறுதிமிக்க உருக்காக்கியது. இதனை ஆங்கிலேயர் ‘ஊட்சு’ என்று அழைத்தனர். 1795ஆம் ஆண்டில் சார்ச்சு பியர்சன் என்பவர் இதனை ஆராய்ந்து இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டிற் கட்டுரை எழுதினார். இலண்டனில் கத்தி செய்து விற்ற சேம்சு சுடோடார்ட்டு, ஐரோப்பிய உருக்கினும் இந்திய உருக்கே மேலெனப் பல ஆண்டுச் சோதனையில் தாம் கண்டதாகவும், அதனால் அறுவைக் கருவிகளும் மழிப்புக் கத்திகளும் செய்வதாகவும் தம் கடை விளம்பரத்திலேயே அச்சிட்டிருந்தார். மின்னியல் மேதை மைக்கேல் ஃபாரடே 1820ஆம் ஆண்டில் உருக்குக் கலவைகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது இந்தச் சுடோடார்ட்டுடன் சேர்ந்தேயாம்.

உருக்கு கிடைத்தது, ஆனால் அதனைக் கையாளும் திறமை நாவிதர்க்கே உரியதாயிருந்தது. தன்னைத்தானே மழித்துக்கொள்ள மனிதன் கற்பது எவ்வாறு? பாரிசில் கத்தி செய்த சீன் சாக்கு பெரே என்பவர் இதற்கென்றே 1769ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். தச்சரின் இழைப்புளியில் உளியின் முனை மட்டும் சிறிதே வெளித்தெரிவதைக் கண்டு, கத்திக்கும் ஒரு மரக்காப்பு அமைக்கலாம் என்று அவர் எண்ணினார். பிற்காலப் பாதுகாப்புக் கத்தியின் வித்து அதுவே. அமெரிக்காவில் கிங் கேம்ப் சில்லெட்டு என்னும் விற்பனையாளர், தீட்ட வேண்டாத, தேய்ந்தால் எறிந்துவிடத்தக்க மெல்லிய அலகைக் கனவு கண்டார். அத்துணை மெல்லிய தகட்டுக்கு உறுதியேற்றும் வழியை வில்லியம் நிக்கர்சன் என்னும் பொறியியலார் கண்டு தந்தார். 1903ஆம் ஆண்டில் விற்றவை 51 கத்திகளும் 168 அலகுகளுமே. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்க்கு அரசே இக்கத்திகளை வழங்கியது. ஊர் திரும்பிய வீரரோடு தன்மழிப்பும் வீடுதோறும் புகுந்தது. 1960களின் தொடக்கத்தில் துருப்பிடிக்காத உருக்கு அலகுகளும், 1971ஆம் ஆண்டில் இரட்டை அலகும் வந்தன. 1951ஆம் ஆண்டில் ‘த கிங் அண்டு ஐ’ என்னும் நாடகத்தில் சயாம் மன்னராக நடிக்கத் தலையை மழித்த யூல் பிரின்னர், அதன்பின் அத்தோற்றத்தாலேயே உலகப் புகழ் பெற்றார். மழித்த தலை தண்டனையின் அடையாளமோ துறவின் அடையாளமோ மட்டும் அன்று, விரும்பி ஏற்கும் அழகும் ஆகலாம் என்பதை மேலைநாட்டார் அவர் வாயிலாக உணர்ந்தனர்.

கருவி இத்துணை வளர்ந்தும் பழைய நாவிதரின் முறை பொய்க்கவில்லை. முடி உருக்கைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையானது. எனினும் அலகை மழுங்கச் செய்கின்றது. இஃது எவ்வாறு என்பதை 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தார் நுண்ணோக்கி கொண்டு ஆராய்ந்தனர். முடி வளைந்து கத்தியின்மேற் சாய்ந்து படும்போது, முனையில் வலுக்குறைந்த நுண்ணிய இடங்கள் சில்லுச் சில்லாகப் பெயர்கின்றன என்று கண்டனர். நீரில் ஊறிய முடியோ எளிதில் அறுபடும். அலகும் சற்று நீண்டு உழைக்கும்.

ஆகவே தலையை வழவழப்பாக மழிக்க விரும்புவோர்க்கு முறை இதுவே. நீண்ட முடியை முதலிற் கத்தரித்து விடுக. வெந்நீரால் தலையை இரண்டு மூன்று நிமிடம் நனைத்து, நுரை பூசி ஊறவிடுக. சுழி எங்குள்ளது, முடி எப்புறம் சாய்கின்றது என்பதை விரலால் அறிக. புதிய அலகை எடுத்து, முடி சாயும் திசையிலேயே சிறுசிறு இழுப்பாக, அழுத்தாது ஓட்டுக. இழுப்புதோறும் அலகைக் கழுவுக. பிடரி முடி தடிப்பானது. அது நன்கு ஊறும்பொருட்டு அதனை இறுதிக்கு வைத்துக்கொள்க. செவிக்குப் பின்புறம் மழிக்கும்போது செவியை மடித்துக்கொள்க. இரண்டாம் முறை நுரையிட்டுக் குறுக்காக மழிப்பது பெரும்பாலோர்க்குப் போதும். எதிர்த்திசையில் மழிப்பின் வழவழப்பு மிகும். ஆனால் சுருள்முடி உடையவர்க்கு முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து கொப்புளங்கள் உண்டாகும். முடிவில் குளிர்ந்த நீரால் கழுவுக. திருத்தலங்களில் மொட்டையடித்தபின் சந்தனம் பூசுவது இத்தகைய தட்பம் கருதியே போலும். ஒருவர்க்குப் பயன்பட்ட அலகு மற்றொருவர்க்கு ஒருகாலும் ஆகாது. குருதியின் வழியே மஞ்சட்காமாலை முதலிய நோய்கள் பரவக்கூடும்.

மாணவர்களே, கத்தி ஒன்றே. எகிப்தியப் பூசாரியின் தூய்மைக்கும் பிக்குவின் துறவுக்கும் உதவியது அது. மஞ்சூரியர் கட்டளையையும் விதவைச் சிறுமியின் கண்ணீரையும் நிறைவேற்றியதும் அதுவே. வேறுபாடு இரும்பில் இல்லை. மழிக்கப்படுவோரின் இசைவு இருந்ததா என்பதிலேயே உள்ளது. இன்று கத்தி பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கின்றது. அதனை இவ்வளவு எளிதாக நாம் பிடிப்பதற்குச் சேலத்துக் கொல்லர் முதல் நிக்கர்சன் வரை பலர் உழைத்தனர். அதனைப் பிடிக்கும் முறையை உலகுக்குக் கற்பித்தோர் நாவிதர்கள். அடுத்தமுறை முடிதிருத்தும் நிலையத்தில் அமரும்போது, அக்கைகளின் விரைவையும் நிதானத்தையும் உற்று நோக்குங்கள். ஏட்டில் எழுதப்படாத பெருங்கல்வி ஒன்று அங்கே வழிவழியாக வாழ்கின்றது. அதனைக் குறைவாக மதிப்போர், உபாலியை வணங்கிய இளவரசர்களை எண்ணிப் பார்ப்பாராக.