மீயுரையில் இருவழி இணைப்பு

திரையில் ஒரு சொல்லைச் சொடுக்கியதும் தொடர்புடைய வேறொரு பக்கத்துக்குக் கொண்டுசெல்லும் உரை மீயுரை எனப்படும். ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற ஆங்கிலப் பெயரை அமெரிக்கரான டெட் நெல்சன் 1965இல் வெளிவந்த தம் கட்டுரையில் வழங்கினார். இணைக்கப்படும் இரு உரைகளும் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும் என்பதே முன்னோடிகளின் எண்ணம்.

இவ்வெண்ணம் கணினித் திரைக்கு முந்தியது. வன்னிவர் புஷ் 1945 ஜூலையில் 'தி அட்லாண்டிக்' இதழில் மெமெக்ஸ் என்ற மேசைக் கருவியை விவரித்தார். அது கட்டப்படவே இல்லை. சிலுவைப் போர்களில் துருக்கியரின் குறுவில் ஆங்கிலேயரின் நெடுவில்லை விஞ்சியது ஏன் என ஆராய்பவரை அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். அந்த ஆய்வாளர் இரு நுண்படப் பக்கங்களை அருகருகே வைத்து ஒரு விசையை அழுத்துவார். அதன்பின் எந்தப் பக்கத்தை எடுத்தாலும் மற்றதை உடனே வரவழைக்கலாம்.

நெல்சன் 1960இல் தொடங்கிய சனாடு திட்டம் இதை மேலும் விரித்தது. மேற்கோள் தன் மூல நூலோடு அறுபடாமல் இணைந்திருக்கும். அதை எழுதியவருக்குச் சிறு தொகையும் போய்ச்சேரும். டக்ளஸ் எங்கெல்பார்ட் 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் இணைப்புகளோடு கூடிய உரையைச் சுட்டெலியால் இயக்கிக் காட்டினார்.

திருப்பம் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் நிகழ்ந்தது. அங்கே டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் முன்மொழிந்து உருவாக்கிய உலகளாவிய வலையில் இணைப்பு ஒருவழிப்பட்டது. இணைப்பவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எல்லா இணைப்புகளையும் பதிவுசெய்யும் மையக் களஞ்சியமும் தேவையில்லை. 1991இல் சான் அன்டோனியோ மீயுரை மாநாடு அவருடைய கட்டுரையை ஏற்காமல் செயல்விளக்கத்துக்கு மட்டும் இடம் தந்தது. ஆயினும் அந்த எளிமை இல்லாமல் வலை இவ்வளவு விரைவாகப் பரவியிருக்காது. இழப்பும் சிறிதன்று: தம்மை யார் சுட்டுகிறார்கள் என்பது எழுதியவருக்குத் தெரிவதில்லை, சுட்டப்பட்ட பக்கம் நீங்கினால் வாசகர் 404 பிழையில் முட்டி நிற்கிறார். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் உருவான ஹைப்பர்-ஜி, இணைப்புகளைத் தனித் தரவுத்தளத்தில் வைத்து இக்குறையைத் தவிர்த்தது. ஆனால் அது பரவவில்லை.

ஒரே தளத்துக்குள் இருவழி இணைப்பு எளிது. வார்டு கன்னிங்காம் 1995இல் தொடங்கிய முதல் விக்கியிலேயே, பக்கத் தலைப்பைச் சொடுக்கினால் அதைச் சுட்டும் பக்கங்களின் பட்டியல் வந்தது. தமிழ் விக்கிப்பீடியாவில் 'இப்பக்கத்தை இணைத்தவை' செய்வதும் இதுவே. வெவ்வேறு தளங்களுக்கிடையே இணைப்பைத் தெரிவிக்கும் வெப்மென்ஷன் முறையை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2017இல் பரிந்துரையாக ஏற்றது. இரு தரப்பும் அதைக் கைக்கொண்டால்தான் அது பயன்படும்.